நிற்கும்போது பொருந்தினால் போதுமா?
(கார் சக்கரமும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்)



காருக்கு டயர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த டயரை வேண்டுமானாலும் எந்தக் காருக்கு வேண்டுமானாலும் மாட்டலாமா? "ஓட்டை சரியா இருக்கு, நட்டு ஏறுது, அப்புறம் என்ன?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் பதில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க. பெருக்கலும் கூட்டலும் சதவீதமும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார் சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அது மூன்று விதமாக அசைகிறது. ஒன்று, தன்னைத் தானே சுற்றுகிறது. இரண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமும் திரும்புகின்றன. மூன்று, பள்ளத்திலும் வேகத்தடையிலும் ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் மட்கார்டுக்குள் மேலே ஏறி இறங்குகிறது. இந்த மூன்று அசைவுக்கும் இடம் இருந்தால்தான் சக்கரம் பொருந்தியது என்று அர்த்தம். நிற்கிற காரில் பொருந்துவது பொருத்தமே இல்லை.

டயர் மேல் எழுதியிருக்கும் எண்

மாருதி டிசையர் காரில் வழக்கமாக வருகிற ஒரு டயரில் இப்படி எழுதியிருக்கும்:

165/80 ஆர் 14 85 டி

இது பார்க்க பஸ் நம்பர் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு.

165 என்பது டயரின் அகலம். மில்லிமீட்டரில். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை உள்ள அகலம் இது. தரையில் படுகிற பட்டையின் அகலம் அல்ல.

80 என்பது சதவீதம். பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம் என்று பொருள். இதை நிறையப் பேர் மில்லிமீட்டர் என்று நினைப்பார்கள். அது தவறு.

ஆர் என்பது ரேடியல். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகாமல், சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரி நேராக ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போகும்.

14 என்பது டயர் உட்காரும் டிஸ்க்கின் விட்டம். இது அங்குலத்தில். 1 அங்குலம் 25.4 மி.மீ.

85 என்பது சுமை எண். 85 கிலோ அல்ல! அட்டவணையில் 85-க்கு நேராக 515 கிலோ என்று இருக்கும். அதாவது ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும்.

டி என்பது வேக எழுத்து. மணிக்கு 190 கி.மீ. வரை தாங்கும் என்று பொருள். (அவ்வளவு வேகம் போகணும்னு அர்த்தம் இல்லை!)

பார்த்தீர்களா, ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடக்கிறது. அதனால்தான் எண்ணைப் பார்த்தவுடன் எந்த டயர் பெரிது என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

உங்களுக்குத் தெரியுமா?
* காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார்.
* மிச்சலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது 1946-இல். அதே 1946-இல்தான் சென்னை திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். தொடங்கியது. அப்போது அவர்கள் செய்தது டயர் அல்ல, குழந்தைகள் ஊதுகிற பலூன்!

டயரின் முழு உயரம் கண்டுபிடிப்போமா?

165/80 ஆர் 14 டயரை எடுத்துக்கொள்வோம்.

பக்கச் சுவர் உயரம் = 165 × 80/100 = 132 மி.மீ.
மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆக 2 × 132 = 264 மி.மீ.
டிஸ்க்கின் விட்டம் = 14 × 25.4 = 355.6 மி.மீ.
மொத்த விட்டம் = 264 + 355.6 = 619.6 மி.மீ.

இதே மாதிரி மற்ற அளவுகளுக்கும் போட்டுப் பார்த்தேன்.

185/65 ஆர் 15 : 621.5 மி.மீ.
195/55 ஆர் 16 : 620.9 மி.மீ.
195/65 ஆர் 15 : 634.5 மி.மீ.
205/65 ஆர் 15 : 647.5 மி.மீ.

முதல் இரண்டையும் கவனியுங்கள். 14 அங்குல டிஸ்க்கிலிருந்து 15, 16 என்று டிஸ்க் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் மொத்த உயரம் 2 மி.மீ. கூட மாறவில்லை! டிஸ்க் பெரிதான அளவுக்குப் பக்கச் சுவர் குட்டையாகி விடுகிறது. டிசையரில் சாதாரண வகைக்கு 165/80 ஆர் 14, விலை கூடிய வகைக்கு 185/65 ஆர் 15 என்று கம்பெனியே இரண்டு அளவு கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

கடைசி இரண்டும் அப்படி அல்ல. 15 அங்குலம்தான். ஆனால் 205/65 டயர் 165/80 டயரைவிட 27.9 மி.மீ. உயரம். சதவீதமாகச் சொன்னால் 4.5. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் போகும் தூரமும் கூடும். ஸ்பீடாமீட்டருக்கு இது தெரியாது. அது சுற்றைத்தான் எண்ணும். முள் 60 காட்டும்போது கார் உண்மையில் 62.7-இல் போகும். 80 காட்டும்போது 83.6.

பழைய டயருக்கும் புது டயருக்கும் விட்ட வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று டயர் கடைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் அது மட்டும் போதாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டிஸ்க்கில் பார்க்க வேண்டியவை

டயர் மட்டும் மாற்றினால் மேலே சொன்னதே போதும். டிஸ்க்கை எடுத்துவிட்டு அலாய் வீல் மாட்டுவதாக இருந்தால் இன்னும் நாலு அளவு பார்க்க வேண்டும்.

1. ஓட்டை வட்டம். இதைக் கடையில் பி.சி.டி. என்பார்கள். நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அந்த வட்டத்தின் விட்டம். நம் ஊர் ஸ்விஃப்ட், டிசையரில் 4 × 100. அதாவது 4 ஓட்டை, 100 மி.மீ. வட்டம். பழைய ஃபியட் பாலியோ காரில் 4 × 98. வித்தியாசம் 2 மி.மீ. தானே என்று தோன்றும். அந்த டிஸ்க்கை இதில் வைத்து இழுத்து முறுக்கினால் நட்டு ஏறிவிடும். ஆனால் போல்ட் சாய்வாக நிற்கும். நட்டின் கூம்பு சரியாக உட்காராது. ஓட ஓட லூஸ் ஆகிவிடும்.

ஸ்கேலால் எப்படி அளப்பது? 4 ஓட்டை என்றால் ஒரு ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது ஓரம் வரை அளந்தால் போதும். மையம் தேட வேண்டியதில்லை. இன்னோவாவில் 5 ஓட்டை. அங்கே ஓட்டைக்கு நேர் எதிரே ஓட்டை இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மைய தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். இன்னோவாவில் அது சுமார் 67.2 மி.மீ. பெருக்கினால் 114.2 வரும். கம்பெனி கணக்கு 114.3. கிட்டத்தட்ட சரி!

2. நடு ஓட்டை. டிஸ்க்கின் நட்ட நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை, காரின் ஹப் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். டிசையருக்கு 54.1 மி.மீ. வெளியே விற்கும் அலாய் வீலில் பல கார்களுக்கும் சேருமாறு இந்த ஓட்டையைப் பெரிதாக வைப்பார்கள். அப்போது நடுவில் ஒரு வளையம் போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். போடாவிட்டால் சக்கரம் மையம் விலகி உட்கார்ந்து, வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் உதறும்.

3. டிஸ்க்கின் அகலம். 5 ஜே, 6 ஜே என்று எழுதியிருக்கும். 5 அங்குலம், 6 அங்குலம் என்று பொருள். 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை டிஸ்க் அகலம் இருக்கலாம். அதற்கு வெளியே போகக்கூடாது.

4. ஆஃப்செட். இதுதான் முக்கியம். இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஆஃப்செட் என்றால் என்ன?

நல்ல அகலமான வளையல் ஒன்றை மேஜையில் சக்கரம் மாதிரி நிறுத்துங்கள். அதன் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் சக்கரத்தின் நடுக்கோடு. இப்போது வளையலுக்குள் ஒரு வட்ட அட்டையைச் செருகுங்கள். அதுதான் ஹப்பில் ஒட்டுகிற, நட்டு ஓட்டை உள்ள முகம். அட்டை சரியாக நடுக்கோட்டில் இருந்தால் ஆஃப்செட் 0. அட்டையை வெளிப்பக்கமாக (ரோட்டைப் பார்க்கும் பக்கமாக) 45 மி.மீ. தள்ளினால் ஆஃப்செட் 45. டிஸ்க்கில் இதை இ.டி. 45 என்று பொறித்திருப்பார்கள்.

ஹப் காரோடு சேர்ந்தது. அது நகராது. அதனால் இந்த எண் குறையக் குறைய சக்கரம் காரை விட்டு வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும். எண் குறைந்தால் வெளியே! இதை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், ஏன்னா எல்லாரும் தலைகீழாகச் சொல்வார்கள்.

ஒரு கணக்கு. பழைய டிஸ்க் 5 ஜே, இ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். புது டிஸ்க் 6 ஜே, இ.டி. 35. 

அகலம் கூடியது 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அது இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக 12.7 போகும்.
இ.டி. 10 குறைந்ததால் சக்கரம் முழுவதும் 10 மி.மீ. வெளியே வரும்.
வெளிப்பக்கம் = 12.7 + 10 = 22.7 மி.மீ. வெளியே வரும்.
உள்பக்கம் = 12.7 − 10 = 2.7 மி.மீ. உள்ளே போகும்.

இ.டி. மாறாமல் 45-ஆகவே இருந்தால் இரண்டு பக்கமும் 12.7. அப்போது உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பரில் இடிக்கலாம்.

ஆக, வெளியே போனால் மட்கார்டு ஓரம் உரசும். உள்ளே போனால் ஷாக் அப்சார்பர், பிரேக் டியூப் உரசும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் நம் சக்கரம் இருக்க வேண்டும்.

உரசினால் என்ன ஆகும்?

"லேசா சத்தம் வரும், அவ்வளவுதானே?" இல்லை.

டயரின் தரைப் பட்டையில் ரப்பர் தடிமனாக இருக்கும். அதற்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். பக்கச் சுவரில் எஃகுப் பட்டை கிடையாது. மெல்லிய ரப்பரும் உள்ளே நூல் அடுக்கும்தான். மட்கார்டின் மடித்த தகர ஓரம் உரசுவது பெரும்பாலும் பக்கச் சுவரிலும், அதை ஒட்டிய தோள் பகுதியிலும்தான்.

619.6 மி.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு = 3.14 × 619.6 = ஏறக்குறைய 1,945 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக 514 சுற்று வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 514 தடவை அதே தகரம் அதே இடத்தைச் சீவும். அரிவாள்மனையில் 514 தடவை இழுத்தால் எந்தக் காய் முழுசாக இருக்கும்? பக்கச் சுவரில் வெட்டு விழுந்தால் பஞ்சர் ஒட்டுவது மாதிரி ஒட்ட முடியாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஓடும்போதே வெடிக்கும்.

உள்பக்கம் உரசினால் இன்னும் மோசம். அங்கே பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் டியூப் இருக்கிறது. அது அறுந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போய்விடும்.

எங்கள் வீட்டுக் காரில் போட்ட கணக்கு

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். மஞ்சள் போர்டு டிசையர். அதிகமாகப் போவது கொடைக்கானல் மலைப்பாதை. போன வருடம் நாலு டயரும் ஒன்றாகத் தேய்ந்துவிட்டன. புது டயர் நாலு வாங்கப் பணம் புரட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் நாலு அலாய் வீல், டயரோடு சேர்த்து, புது டயர் விலையைவிடக் குறைத்துக் கிடைத்தது. பளபள என்று இருந்தது. நாலு ஓட்டைதான். 100 மி.மீ. வட்டம்தான். "மாட்டிப் பாருங்கண்ணே, கச்சிதமா உக்காரும்" என்றார் கடைக்காரர்.

அப்பா முடிவு எடுப்பதற்கு முன்னால் அந்த எண்களை எல்லாம் ஒரு பீடிக்கட்டு அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். "கண்ணு, இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாரு" என்றார். டயர் 195/65 ஆர் 15. டிஸ்க்கில் இ.டி. எங்கள் பழைய டிஸ்க்கைவிட 10 குறைவு.

விட்டம் 634.5. எங்களுடையது 619.6. வித்தியாசம் 2.4 சதவீதம். மூன்றுக்குள் இருக்கிறது! இதோடு நிறுத்தியிருந்தால் வாங்கலாம் என்று சொல்லியிருப்பேன். அடுத்து அகலத்தைப் போட்டேன். 195 − 165 = 30. பாதி 15. இ.டி. குறைந்தது 10. ஆக டயர் வெளிப்பக்கம் 25 மி.மீ. வெளியே வருகிறது. மேலே 7 மி.மீ. உயருகிறது.

இந்த 25-க்கும் 7-க்கும் இடம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாசலில் காரை நிறுத்தி அளந்தோம். வெறும் காரில் பின் டயருக்கும் மட்கார்டு ஓரத்துக்கும் நடுவே என் விரல் நாலு போனது. பின்பு பாட்டி, அம்மா, தம்பி மூன்று பேரையும் பின் சீட்டில் உட்கார வைத்து, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை வைத்தோம். இப்போது இரண்டு விரல்தான் போனது. இது நிற்கும்போது. மலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். அந்த இரண்டு விரலும் இருக்காது. அப்போது பழைய டயர் மட்கார்டுக்கு உள்ளே ஏறிக்கொள்ளும், ஏனென்றால் அது ஓரத்துக்கு உள்ளே இருக்கிறது. 25 மி.மீ. வெளியே வந்த டயர் உள்ளே ஏற முடியாது. நேராகத் தகர ஓரத்தில் போய் இடிக்கும். அதுவும் எப்போது? காரில் ஆள் நிறைந்திருக்கும்போது. வெறும் காரில் உரசாது. அதனால் கடையில் மாட்டிப் பார்த்தாலும் தெரியாது.

அப்பா அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வண்டி என்னிக்கு வெறும் வண்டியா மலையேறியிருக்கு?" என்றார். அலாய் வீலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே 165/80 ஆர் 14 அளவில் முதலில் இரண்டு புது டயர் வாங்கிப் பின் சக்கரத்தில் போட்டோம். பழைய நாலில் கொஞ்சம் பட்டை மிச்சமிருந்த இரண்டை முன்னால் போட்டுக்கொண்டு, மலைச் சவாரியை நிறுத்திவிட்டு, பக்கத்து ஊர் சவாரி மட்டும் போனார். அந்த மாதம் வருமானம் குறைவுதான். வீட்டில் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் முன்னால் இரண்டும் வாங்கினோம். அதற்கப்புறம்தான் மலைச் சவாரி.

(புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால்தான் போட வேண்டும். ஈர ரோட்டில் பின் சக்கரம் பிடி விட்டால் கார் தட்டாமாலை சுற்றிவிடும். முன் சக்கரம் வழுக்கினால் டிரைவருக்கு ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம்.)

மாட்டிய பிறகு பார்க்கும் முறை

சரியான அளவு என்று கணக்கு சொன்னாலும் மாட்டிய பின் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

* ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாக் அப்சார்பர், பிரேக் டியூப் பக்கத்தில் ஒரு விரலாவது தாராளமாகப் போக வேண்டும்.
* காரைக் கீழே இறக்கி, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக, பிறகு வலது பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரம் பெரும்பாலும் இதில்தான் உரசும்.
* சாக்பீஸைப் பொடி செய்து தண்ணீரில் குழைத்து மட்கார்டின் உள் ஓரத்தில் பூசுங்கள். காய்ந்ததும் காரில் ஆள்களை நிறைய உட்கார வைத்து வேகத்தடையில் மெதுவாக நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. டயரிலும் வெள்ளை ஒட்டியிருக்கும்.
* நட்டுகளை வரிசையாக முறுக்கக்கூடாது. எதிர் எதிராக முறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு தடவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

உரசுகிறது என்று தெரிந்தால் சிலர் மட்கார்டு ஓரத்தை வெட்டுவார்கள், சிலர் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் தகட்டு வளையம் போடுவார்கள். இது காலுக்குச் செருப்பு சேரவில்லை என்று காலைச் செதுக்குவது மாதிரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-உம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்கிறது.

எந்த அளவு போடலாம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும், எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கும். காரோடு வந்த புத்தகத்திலும் இருக்கும்.

பழைய டயர் வாங்கினால்...

பக்கச் சுவரில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். உதாரணமாக 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். அதனால் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. பட்டையின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டை தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

கார் வேண்டாம், ஆசிரியர்களின் பைக்கே போதும். (அனுமதி கேட்டுவிட்டுத் தொடுங்கள்!) ஸ்ப்ளெண்டர் பைக்கின் டயரில் 80/100-18 என்று இருக்கும். இங்கே 100 சதவீதம். அதனால் பக்கச் சுவர் உயரமும் 80 மி.மீ. தான். இதன் மொத்த விட்டம் என்ன? காரின் 165/80 ஆர் 14 டயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடை வந்ததும் ஆச்சரியப்படுவீர்கள். (விடை தாளின் கடைசியில்.)

கடைசியாக ஒன்று. இது ஆம்பளைப் பிள்ளைகள் விஷயம், மெக்கானிக் விஷயம் என்று நினைக்காதீர்கள். மட்கார்டுக்குள் சக்கரம் ஓடுகிறது. ஆனால் அந்தக் காருக்குள் உட்கார்ந்து போவது நாம் எல்லாரும்தான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக் காரில் ஏறும்போது பின் சக்கரத்தை ஒரு தடவை குனிந்து பாருங்கள். டயர் மட்கார்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பக்கச் சுவரில் சுற்றிலும் பளபளவென்று ஒரு தேய்மானக் கோடு இருந்தால், "அண்ணே, டயர் உரசுது போல இருக்கே" என்று டிரைவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 514 தடவை!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி

(விடை: 80 + 80 + 457.2 = 617.2 மி.மீ. ஒல்லியான பைக் டயரும் கார் டயரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். வித்தியாசம் 2.4 மி.மீ. மட்டுமே!)